மூன்றாவது தீவு

ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் மாமா. சாய்த்தார்கள். அப்படியும் லிப்ட்டின் கதவு மூடவில்லை. அப்பாவின் கால்மாடு ஒரு சாண் வெளியே நின்றது. கதவு வந்து கம்பியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது, மறுபடி வந்து தொட்டது. நாலு பேர் நிற்கிற லிப்ட் அது. படுத்துக்கொண்டு போகிறவரைப் பற்றி யாரும் யோசித்துச் செய்யவில்லை.

"நிக்க வெச்சுக் கட்டிட்டா போயிடலாம்" என்றார் மாமா மெதுவாக.

ஸ்பானர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்பாவோடு காலமெல்லாம் லிப்ட் வேலை பார்த்தவர். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாக அப்பா கேலி செய்வார்.

"இந்த லிப்ட்டை மாட்டினதே அண்ணன்தான். இதுல அவரையே கட்டி நிக்க வெக்கிறதா? படியில எறக்குவோம். தலைமாட்டை நான் பிடிச்சுக்கிறேன்."

 படி என்றதும் மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மெதுவாக இறக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்பா படி ஏறாத மனிதர். அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். கல்யாண மண்டபமோ ஆஸ்பத்திரியோ, லிப்ட் இல்லை என்றால் கீழேயே ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுவார். தான் படி ஏறினால் தொழிலுக்கே கெட்ட பேர் என்பார். ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் கட்டடத்து லிப்ட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். அது நடுவழியில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. அதனாலேயே இங்கே யாரும் படியில் கால் வைப்பதில்லை. படிக்கட்டில் உடைந்த சைக்கிளும் டீச்சர் வீட்டுச் செடித்தொட்டிகளும்தான் குடியிருந்தன.

அதனாலேயேதான், நேற்றுக் காலை மூன்றாவது மாடித் திருப்பத்தில் அப்பா சுவரில் சாய்ந்தபோது ஒருவரும் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஆட்கள் வேலைக்குப் போனார்கள், காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த டீச்சர் பார்த்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், கொஞ்சம் முன்னாடியே கவனித்திருந்தால் என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

லிப்ட்காரருக்குப் படியில் என்ன வேலை? துக்கத்துக்கு வந்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். லிப்ட் ரிப்பேரா என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் ரூமைப் பார்க்கப் போயிருப்பார் என்றாள் அம்மா. கொஞ்ச நாளாகத் தினமும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம்.  மகளுக்குக் காரணம் தெரியும் என்றே தோன்றியது. தெரிந்ததைத் தனக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கத் துணிவில்லை.

எல்லாம் அவள் ஆசைப்பட்டுச் செய்ததுதான். பெற்றவர்களின் முப்பத்தைந்தாவது திருமண நாளுக்கு, தீவுகளைச் சுற்றி வரும் கப்பலில் இரண்டு பேருக்கு இடம் போட்டுக் கொடுத்தாள். கப்பல் மூன்று தீவுகளில் நிற்கும். இறங்கி என்னவெல்லாம் பார்ப்பது என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தீவில் அப்பா சந்தையைப் பார்ப்போம் என்றார். மறுநாள் அது பூந்தோட்டமானது. அம்மாவுக்கு வெயில் ஆகாது என்று கடிகாரக் காட்சிசாலை ஆனது. பிறகு யாரோ எதையோ சொல்லி மறுபடியும் சந்தை. கடற்கரையை மட்டும் அவர் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். கடல் வழியாகவே போய், இறங்கி, மறுபடி கடலையே பார்ப்பதற்கு எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது தீவில் மலையுச்சிக்குக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற வண்டி இருந்தது. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மேலே போவதைவிட, கீழே அதை இழுக்கிற மோட்டாரைப் பார்க்க விடுவார்களா என்பதுதான் கவலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மகளுக்குப் போன் வரும்.

மூன்றாவது தீவை அம்மா தேர்ந்தெடுத்தாள். அம்மா தையல்காரி. வீட்டு ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே தைத்தவள். இது வேண்டும் என்று எதையும் கேட்டு மகள் பார்த்ததில்லை. அந்தத் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. உச்சியில் நின்றால் சுற்றிலும் இருக்கிற தீவுகள் அத்தனையும் தெரியும். படத்தைக் காட்டியதும் அம்மா அதில் விரலை வைத்தாள்.

"ஊசி முனையைப் பாத்துப் பாத்தே காலம் போச்சு. ஒரு தடவை தூரத்தைப் பாக்கணும்."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அந்த விளக்கத்துக்கு லிப்ட் கிடையாது என்று படத்துக்குக் கீழேயே போட்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் போன் செய்த நேரம் மகளுக்குப் பொல்லாத நேரம். அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார் பிரிவில் இருக்கிறாள். அன்றைக்குப் பெரிய குழாய் ஒன்று வெடித்து, பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து கண்டபடி திட்டு வாங்கி, எல்லோரிடமும் அதே தேன் குரலில் "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருந்தது. அதற்கு நடுவில் அப்பா. குரலைத் தாழ்த்திப் பேசினார். கலங்கரை விளக்கத்தை எடுத்துவிட்டு, அடியில் கண்ணாடி வைத்த படகு ஒன்று இருக்கிறதாமே, உட்கார்ந்தபடியே மீன் பார்க்கலாமாமே, அதைப் போடேன் என்றார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், விளக்கத்தை மூடிவிட்டார்கள் என்று அங்கே போய் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றார்.

"அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலம்மா. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் அவ வாய்விட்டுக் கேட்டது."

மாற்ற முடியும். பக்கத்தைத் திறந்து ஓர் இடத்தில் தட்டினால் போதும். அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: இதை மாற்றினால் நாளைக்கு இன்னொன்றை மாற்றச் சொல்வார். "இனிமே மாத்த முடியாதுப்பா, நேரம் முடிஞ்சு போச்சு" என்றாள். அதையும் அந்தத் தேன் குரலில்தான் சொன்னாள்.

 "சரி விடு. ஏறிப் பழகிக்கிறேன்" என்றார்.

"யாரு, லிப்ட்காரரா?" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருந்ததால் வைத்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சர் ஒவ்வொரு திருப்பமாக இறங்கியது. முன்னால் அவள் கணவனும் மாமாவும், தலைமாட்டில் ஸ்பானரும் பக்கத்து வீட்டுக்காரரும். மகள் சைக்கிளை ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கை மாற்றிக்கொள்ள நின்றார்கள். ஜன்னலுக்குக் கீழே, படியின்மேல், மடித்துப் போட்ட செய்தித்தாள் ஒன்று கிடந்தது. நடுவில் ஆள் உட்கார்ந்து நசுங்கிய தடம்.

ஸ்பானர் அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தினமும் லிப்ட்ல கீழ போயி, படியில ஏறிட்டு, போன் பண்ணிப் பெருமை அடிச்சுப்பாரு பாப்பா. முதல்ல மாடிக்கு மாடி உக்காந்தேன், இப்ப நடுவுல ஒரே தடவைதான்னாரு. அங்க லிப்ட் இல்லையாமே. அண்ணி முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னாரு."

 அவர்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஸ்பானர் அந்தத் தாளை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துப் போனார்.

மயானத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது மற்றவர்கள் லிப்ட்டுக்குக் காத்திருந்தார்கள். அவள் படியில் ஏறினாள். இரண்டாவது மாடியிலேயே அவளுக்கு இளைத்தது. அறுபதைத் தாண்டியவர் தொப்பையையும் தூக்கிக்கொண்டு இதில் ஏறியிருக்கிறார், யாருக்கும் தெரியாமல், பொய் சொல்லிவிட்டு. சொன்ன பொய் மோட்டார் ரூம். அவள் சொன்ன பொய்யோடு சேர்த்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை. திருப்பத்தில் அந்தத் தாளை எடுத்தாள். அது பேப்பரின் நடுத்தாள், குறுக்கெழுத்துப் போட்டி வருகிற தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொஞ்ச நாளாக அம்மா போனில் புலம்பியதெல்லாம் இந்த நடுத்தாளைப் பற்றித்தான். பேப்பரில் அவள் பார்ப்பதே அந்தக் குறுக்கெழுத்து ஒன்றைத்தான், அதுதான் வருவதே இல்லை. பேப்பர் போடுகிறவரோடு சண்டை போட்டு ஆளையே மாற்றிவிட்டாள். புது ஆளும் நடுத்தாளை உருவிக்கொண்டுதான் போட்டான். இந்தக் காலத்தில் யாரையுமே நம்ப முடியவில்லை என்று அப்பா பக்கத்திலிருந்து ஒத்து ஊதினாராம். அம்மா இதைச் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஸ்பானர் மட்டும் கொஞ்ச நேரம் லிப்ட் வாசலில் நின்று, கதவு சரியாக மூடுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் அம்மாவும் மகளும்தான். அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. மெஷினில் ஒரு சட்டை பாதியில் நின்றது. கப்பலுக்கு என்று அப்பாவுக்குத் தைத்த சட்டை, ஒரு கைதான் வைத்திருந்தது.

மகள் தாளை மடித்துக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வரும். அம்மா இருக்கிற இருப்பில் இதை வேறு எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மாவின் போன் அடித்தது. அம்மாவுக்குக் காது சற்று மந்தம். எந்த அழைப்பையும் ஊருக்கே கேட்கும்படி வைத்துத்தான் பேசுவாள். கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பெண். திருமண நாள் வாழ்த்தை முன்கூட்டியே சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

"மூணாவது தீவுக்குக் கலங்கரை விளக்கம் போட்டிருக்கீங்கம்மா. படி நிறைய இருக்கும். பெரியவங்களுக்குச் சிரமம்னா கண்ணாடிப் படகுக்கு மாத்தித் தர்றோம். கப்பல் கிளம்பறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். மாத்திடட்டுமா?"

அம்மா யோசிக்கவே இல்லை. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"அவரைக் கேட்டுச் சொல்றேம்மா."

சொன்ன பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டாள். பயணம் வேண்டாம், எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டபோது அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை முதன்முதலாக ஒரு முன்பின் தெரியாதவளிடம் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறி, வருத்தம் சொல்லி, "பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்று முடித்தாள்.

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"படகுக்கு மாத்தச் சொல்லி உன்கிட்ட கேட்டாரா?" என்றாள் அம்மா.

"கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நேரம் முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஏன் அப்படிச் சொன்ன?"

ஏதாவது நல்ல காரணமாகக் கிடைக்காதா என்று தேடினாள். இருந்தது ஒன்றுதான். "வேலை நிறைய இருந்துச்சும்மா."

 அம்மா திட்டியிருந்தால் மகள் அழுதிருப்பாள், அழுவதற்காகவே காத்திருந்தாள். அம்மா அரைகுறைச் சட்டையின் வைக்காத கைப் பக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை அவரு? முடியலைன்னா நான் என்ன, ஏறித்தான் ஆகணும்னா சொல்லப் போறேன்?"

"நீ வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதானாம்."

அம்மாவின் விரல் நின்றது. ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்துச் சுவர் தெரிந்தது. அம்மா நெடுநேரம் அதையே பார்த்தாள்.

பிறகு மகளின் கையில் இருந்ததைக் கவனித்து, கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். மகள் கொடுத்தாள். எங்கே கிடந்தது என்று அம்மா கேட்கவில்லை. விரித்து, நசுங்கின தடத்தைப் பார்த்தாள். மெஷின் பலகைமேல் வைத்து, வெட்டப் போகிற துணியை நீவுவதுபோல உள்ளங்கையால் மெதுவாக நீவினாள். தடம் போகவில்லை. குனிந்து, மெஷினுக்கு அடியில் கிடந்த நேற்றைய பேப்பரை எடுத்துப் பிரித்து, நடுவில் அதை வைத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். தாள் முன்போல் உட்காரவில்லை, ஓர் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அம்மா அதை விரலால் உள்ளே தள்ளினாள். அது மறுபடி வெளியே வந்தது.