எந்த விளிம்பு அருகில்

அலுவலகத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். வைத்தது வேறு யாருமில்லை, பக்கத்து மேசை நாத்தனார்தான். கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த தொலைதூரச் சுருள் அண்டம் ஒன்றின் ஒளியைப் பிரித்து, அதிலுள்ள அயனியான வாயு எந்த வேகத்தில் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அதே அண்டத்தின் படங்களைச் சரிசெய்வது நாத்தனார் வேலை.

இரண்டு வருட உழைப்பு அன்று மாலை கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்குப் போக வேண்டும். புது விண்மீன்கள் பிறக்கும் நடுப்பகுதியிலிருந்து வாயு வெளியே தள்ளப்படுகிறது என்பது அதன் முடிவு. கூட உழைத்த ஐந்து பேரும் தலையாட்டியாயிற்று.

“அண்ணி, கட்டுரைக்கு முதல் படம் ரெடி. ஆனா இந்தக் கருப்புத் தூசிக் கோடு கீழ்ப்பக்கம் இருக்கே?”

“மேலதான் இருக்கணும்.”

“நான் சொன்னா என்னைக்கு நம்பியிருக்கீங்க? வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தாள். சாய்த்துப் பிடித்த தட்டுபோல நிற்கும் அண்டத்தில் எந்த விளிம்பு நமக்கு அருகில் என்று வேகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தூசி எந்தப் பக்கம் நடுவின் வெளிச்சத்தை மறைக்கிறதோ அதுவே அருகில். அவளுடைய வேக வரைபடத்தில், மேல் விளிம்பில் வாயு நம்மை நோக்கி வருகிறது. அது அருகிலுள்ள விளிம்பானால் வாயு வெளியே பாய்கிறது. தொலைவிலுள்ளதானால் உள்ளே விழுகிறது.

தன் மேசைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய படத்தைப் பிய்த்து வந்து பக்கத்தில் வைத்தாள். மூலையிலிருந்த அம்புக்குறியை இப்போதுதான் கவனித்தாள். தெற்கு மேலே இருந்தது; புதுப் படத்திலும் வேக வரைபடத்திலும் வடக்குதான் மேலே. கருவி பதிந்தபடியே அச்சிட்ட படம். அதைப் பார்த்துத்தான் முதல் வாரமே ‘மேல் விளிம்பு அருகில்’ என்று குறித்திருந்தாள்.

பழைய படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். தூசிக் கோடு கீழே வந்தது.

“ரெண்டு வருஷமா தலைகீழா ஒட்டி வச்சுக் கும்பிட்டிருக்கோம். அண்ணி, திட்டவாச்சும் செய்யுங்க.”

“உன்னை எதுக்குத் திட்டணும்?”

“முதல் படத்தை எடுத்துட்டா யாருக்கும் தெரியாது. சும்மா சொன்னேன், முறைக்காதீங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அளந்த வேகங்களில் ஓர் எண்கூடத் தப்பில்லை. அந்த எண்களை நம்பி எழுதிய பதினெட்டுப் பக்கமும் தப்பு. ஐந்து பேருக்கும் மூன்று வரி தட்டினாள்: வாயு உள்ளேதான் விழுகிறது. பிழை என்னுடையது. கட்டுரை இன்று போகாது.

அனுப்பினாள்.

“ஆறு மாசம் ஆகுமே அண்ணி.”

“ஆகும். எவ்வளவு வாயு உள்ள போகுதுன்னு பாக்கணும். நாற்காலியை இழுத்துப் போடு.”