நொண்டிப் பூதம்

வியாழக்கிழமை காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிய டெஸ்மண்ட் சனிக்கிழமை மத்தியானம் வரை வீடு திரும்பவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவன் மனைவி ஆஞ்சலா ஆபீசுக்குக் கூப்பிட்டாள். அவனை வேலையிலிருந்து எடுத்து ஒரு மாதம் ஆகிறது என்றார்கள். அப்படியானால் இத்தனை நாளும் அவள் கட்டிக்கொடுத்த சோற்றை எந்த மரத்தடியில் உட்கார்ந்து தின்றான் இந்த மனுஷன்?

போலீசில் சொல்லியாயிற்று. அவனுடைய தம்பி தியோடர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தேடிக்கொண்டிருந்தான். விவேக் நகர் வீட்டில், குழந்தை இயேசு படத்துக்கு முன்னால் முட்டி போட்டு, அழுகையும் வராமல் ஜெபமும் வராமல் இருந்தவளுக்குச் சட்டென்று அந்தப் பாழாய்ப்போன விளையாட்டு ஞாபகம் வந்தது. சிம்மை மாற்றியிருப்பான். விளையாட்டை விட்டிருப்பானா?

அது என்ன விளையாட்டு என்கிறீர்களா? போர் விளையாட்டுதான். ஆனால் அதில் கத்தி கிடையாது, ராஜா கிடையாது. ஆளுக்கு ஒரு மரம், மரத்தைச் சுற்றிப் பூதங்கள். அந்தப் பூதங்கள் யார் சொன்னாலும் கேட்காது. போ என்று விரலால் தள்ளினால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். விளக்கேற்றிச் சோறு வைக்கலாம், அவ்வளவுதான்; இஷ்டம் இருந்தால் வரும். எதிராளியின் பூதம் நம் சோற்றுக்கு வந்துவிட்டால் அது நம் பக்கம். யோசித்துக்கொண்டே நின்றோமானால் நம்முடையது பசி தாங்காமல் அந்தப் பக்கம் போய்விடும்.

"ஆபீஸ்ல அதைச் செய், இதைச் செய்னு உயிரை வாங்குறானுங்க. இங்க யாரும் யாரையும் ஏவ முடியாது ஏஞ்சி. அதான் பிடிக்குது," என்பான் டெஸ்மண்ட். ஆஞ்சலா அவனுக்கு ஏஞ்சி.

"பூதத்துக்குச் சோறு போடற துரை, வீட்டுக்கு கேஸ் புக் பண்ணா என்னவாம்?" என்பாள் இவள். ஒரே தெருவில் வளர்ந்து கட்டிக்கொண்டவர்கள், இந்தக் கிண்டல் இல்லாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

ஆளுக்கு ஒரே ஒரு பூதம் மட்டும் எவன் சோற்றுக்கும் மயங்காது. அவனுடையது நொண்டி. அதற்கு ஆஞ்சலா என்று பேர் வைத்திருந்தான். "நொண்டிக்கா என் பேரு?" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அது ஒண்ணுதான் என்னை விட்டுப் போகாது," என்று சொல்லிச் சமாளித்தான்.

இப்போது அவள் தன் போனில் அந்த விளையாட்டை இறக்கி, ஏதோ ஒரு பொய்ப் பேரில் உள்ளே போய் அவனைத் தேடினாள். அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அடப்பாவி, உயிரோடுதான் இருக்கிறான். ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். ஒப்புக்கொண்டான்.

அவன் விளக்கே ஏற்றவில்லை. அவனுடைய பூதங்கள் ஒவ்வொன்றாகக் கைகூப்பிவிட்டு மறைந்துகொண்டிருந்தன. வழியனுப்புகிற பொத்தானை அழுத்துகிறான். ஒரேயடியாக விட்டுப் போகிறவன்தான் அதைத் தொடுவான் என்று அவனே சொல்லியிருக்கிறான். விளையாட்டை மட்டுமா விட்டுப் போகிறான்? கடைசியில் நொண்டி மட்டும் தனியாக நின்றது.

அந்த விளையாட்டில் பேச வழியில்லை. ஆனால் பூதத்துக்கு நாம் வைக்கிற பேர் எதிராளிக்கும் தெரியும். வீட்டுக்கு வா என்று தன் பூதத்துக்குப் பேர் எழுதப்போனவள் அதை அழித்தாள். வா என்றால் வருகிறவன் வியாழக்கிழமையே வந்திருப்பான். எதை மறைத்து ஓடினானோ, அதையே எழுதினாள்: 'வேலை போனது தெரியும்'.

நொண்டி அசையவில்லை. அடுத்த பூதத்துக்கு 'கோவம் இல்ல' என்று பேர் வைத்தாள். பொய்தான், கோபம் மலை மாதிரி இருந்தது. மூன்றாவதற்கு 'நீ இருந்தா போதும்' என்று வைத்தாள். அது சத்தியம்.

நொண்டியின் தலைக்கு மேலிருந்த ஆஞ்சலா என்கிற பேர் மறைந்தது. இவளுக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்த அந்த இடத்தில் வேறு எழுத்துகள் வந்தன: 'பசிக்குது ஏஞ்சி'.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே 'எங்க இருக்கே' என்று இன்னொரு பூதத்துக்குப் பேர் வைத்தாள். நொண்டியின் பேர் 'கன்டோன்மென்ட் ஸ்டேஷன்' என்று மாறியது.

"அண்ணி, நீங்க முன்னாடி போங்க, நான் வந்துடறேன்," என்றான் தியோடர் போனில். ஆட்டோவில் ஏறி, "ஸ்வல்ப பேகா ஹோகி அண்ணா," என்று கன்னடத்தில் டிரைவரை விரட்டினாள். சோறு வைக்காமல் விட்டால் பூதங்கள் கலைந்து ஆட்டம் முடிந்துவிடும். அவனைப் பிடித்து வைத்திருந்த ஒரே கயிறு அறுந்துவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கேற்றினாள், சோறு வைத்தாள்.

பிளாட்பாரத்தின் கோடியில், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டிபன் டப்பா. அவள் வந்து உட்கார்ந்தது தெரிந்தும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து நட வீட்டுக்கு என்கிற அதட்டல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விரலால் தள்ளினால் உட்கார்ந்துவிடும் பூதம் நினைவுக்கு வந்து, அதை விழுங்கிக்கொண்டாள்.

"நேத்து மீன் குழம்பு வெச்சேன், நீ வருவேன்னு," என்றாள். "வீட்ல அப்படியே இருக்கு."

காத்திருந்தாள். ஒரு ரயில் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவன் ஏறவில்லை.

டெஸ்மண்ட் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, காலால் பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினான்.