பிரித்தெடுத்த அறை

எட்மன்டனிலிருந்து முதியோர் சங்கத்துப் பேருந்தில் வந்து இறங்கிய கூட்டத்தில் வர்வாரா மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. உக்ரைனிலிருந்து வந்து அல்பெர்ட்டா புல்வெளியில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் வீடுகளையும் தேவாலயங்களையும் பெயர்த்தெடுத்து வந்து அந்த மைதானத்தில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு வீடு அவளுடைய அப்பா கட்டியது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி ஒனுஃப்ரி அதைக் கொடுத்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஆறு வருடமாயிற்று.

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும், கல்யாணமானபோது அவளுக்கென்று அப்பா இழுத்துக் கட்டிய பின்னறையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நாற்பத்தாறு வருடத்துக்கு முன், கணவன் மரம் வெட்டப் போயிருந்த குளிர்காலத்தில், நாலு வயது மகள் யூலியா தொண்டை அடைத்து அங்கேதான் கண்ணை மூடினாள். பனிப்புயல் ஓய்ந்து குழி வெட்ட மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் வர்வாரா அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

உள்ளே போனாள். அடுப்பு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர். புதிதாக மண் பூசி வெள்ளையடித்திருந்தது.

பூப்போட்ட தலைத்துணி கட்டிய வழிகாட்டிப் பெண் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க ஒரு கதவு இருந்துச்சே?"

"பின்னறைக்கா? அது பிற்பாடு சேத்தது, அம்மா. நாங்க 1918ல வீடு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் காட்டறோம். அந்தக் குடும்பத்துக்காரரே பிரிச்சுக் கொடுத்தாரு. இன்னைக்குக்கூட வந்திருக்காரு, பின்னால வேலி வேலை பாக்கறாரு."

வர்வாரா வெளியே வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். வேலிக்கம்பம் அடித்துக்கொண்டிருந்த ஒனுஃப்ரி அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா."

"என் அறை எங்கடா?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "நாலு மூட்டைய அடுக்கி சரக்கறைன்னு காட்டப் போறதா பேசிக்கிட்டாங்க. போறவன் வர்றவன்லாம் ஐஸ்கிரீமை நக்கிக்கிட்டு அதுக்குள்ள எட்டிப் பாப்பான். மனசு ஒப்பல. பின்னால ஒட்டுப்போட்டதுன்னு சொல்லி நானே பிரிச்சேன்."

"பலகை?"

"எரிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"ஜன்னலோரம் அவ உசரத்துக்குப் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்தேன்டா. ஒவ்வொரு பொறந்த நாளுக்கும். நாலு கோடு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "தெரியாதுக்கா. மேல நாலு பூச்சு பெயின்ட் இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே."

"ரெண்டு தடவை ஃபோன் பண்ணேன். என் குரலக் கேட்டதும் வெச்சுட்ட."

அது உண்மைதான்.

ஒனுஃப்ரி சுவரோரம் போய் புல்லின்மேல் அடியளந்து நடந்தான். "இதுவரைக்கும் வரும். இங்க ஜன்னல். கட்டில் இந்த ஓரம்."

"இல்ல, அந்த ஓரம். காலைல வெயில் அவ மூஞ்சில விழும்."

"சரி, அந்த ஓரம்."

அவன் காட்டிய இடத்தில் அவள் போய் நின்றாள். மண்கூட அந்த மண் இல்லை. பழைய இடம் இங்கிருந்து அறுபது மைல். இருந்தாலும் நின்றாள். தம்பியும் பக்கத்தில் வந்து நின்றான்.

கேமராவோடு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இடுப்பில் குழந்தை.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? இந்தச் சுவர் நல்லா வெள்ளையா இருக்கு, படத்துக்கு அழகா வரும்."

"தாராளமா," என்று வர்வாரா விலகினாள்.

பேருந்துப் படியில் ஏற ஒனுஃப்ரி கை கொடுத்தான். பிடித்து ஏறினாள்.

"ஃபோன் பண்ணட்டுமாக்கா?"

"பண்ணு," என்றாள். "பேசுவேனான்னு தெரியல. பண்ணு."