நனையாத பாவாடை

அம்சவல்லிக்கு ரோஷம் அதிகம். மகள் சந்திராவின் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அதைவிட அதிகம். முதுகுத்தண்டின் அடியில் கட்டியோடு பிறந்த குழந்தை. மெட்ராஸில் அறுவை செய்து பிழைக்க வைத்தார்கள். கால் இழுக்கும், சிறுநீர் பிரிவது தெரியாது. வகுப்பில் இரண்டு முறை பாவாடை நனைந்துவிட்டது. "இன்னொரு தரம் ஆச்சுன்னா அனுப்பாதீங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் பொடி தடவிய இட்லி மட்டும். சாம்பார், மோர், பழம் எதுவும் கிடையாது; ஸ்கூல் விட்டு வரும்வரை தண்ணீரும் கிடையாது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி நான், சண்டையே போட்டுப் பார்த்தேன். "என் வூட்டு விஷயம்க்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பாவாடை நனையவில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் புதன்கிழமை குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அவள் புருஷன் சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தார். நான்தான் கூட ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் வயிற்றை அழுத்தினார், கல்லாக இருந்தது. வெளிக்குப் போய் அஞ்சாறு நாளாகிறதாம். குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார். கொஞ்சம்தான் வந்தது, கடுந்தேநீர் நிறத்தில்.

"தண்ணி நல்லா குடிக்கிறாளா?"

"குடிச்சிக்கினேதாங்க இருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பெற்றவளே காயப்போட்டாள் என்று ஊர் பேசுமே என்ற நடுக்கம் அந்தப் பிடியில் இருந்தது.

"அவ்வளவு குடிச்சும் இவ்வளவுதான் வருதுன்னா கிட்னி கெட்டிருக்கணும். உடனே மெட்ராஸ் போகணும்" என்று டாக்டர் போனை எடுத்தார்.

அம்சவல்லியின் முகம் வெளுத்தது. அப்போதும் அவள் என் கையை விடவில்லை. நர்ஸ் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் நீட்டினாள். உதடு வெடித்துக் கிடந்த குழந்தை டம்ளரைத் தொடாமல் அம்மாவைப் பார்த்தது.

"இன்னிக்கி ஸ்கூல் லீவாம்மா?"

டாக்டர் திரும்பினார். "லீவுக்கும் தண்ணிக்கும் என்னம்மா?"

"லீவு அன்னிக்கித்தான் பகல்ல தண்ணி."

அம்சவல்லி உடைந்து அழுதாள். "நான்தாங்க குடுக்கல. படிப்பு போயிடுமேன்னு…"

டாக்டர் போனை வைத்தார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? தண்ணியும் கீரையும் பழமும் இல்லாம குடல் அடைச்சிருக்கு, நீர்த்தாரைல கிருமி சேர்ந்திருக்கு. இங்கேயே பாக்கலாம். இனிமே தண்ணிய நிறுத்தினா கிட்னி போயிடும்."

அம்சவல்லி டம்ளரை வாங்கி மகளின் வாயருகே கொண்டுபோனாள். "லீவு இல்லம்மா. ஸ்கூல் நாள்தான். குடி."

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டது. "நனைஞ்சிடுமே."

"நனையட்டும். மாத்துப் பாவாடை எடுத்துக்கினு நான் ஸ்கூல் வாசல்லியே உக்காந்திருக்கேன்."

அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குழந்தை ஒரு மிடறு குடித்தது. பிறகு நிறுத்தி, "இன்னும் குடிக்கலாமா?" என்று கேட்டது.