பறிக் கயிறு

டிசம்பர் இருபத்தாறாம் தேதி அந்தக் குப்பத்தில் யாரும் ஏரியில் கை வைப்பதில்லை. படகு இறங்காது, வலை நனையாது. கரையோரம் நண்டு துரத்தும் பிள்ளைகளைக்கூட அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுனாமியில் செத்தவர்களுக்காக ஊர் கூடிப் போட்ட கட்டு அது. மீறினால் ஊர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் ஒருவரும் மீறியதில்லை.

அன்று காலை லட்சுமி சாமந்திச் சரத்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் பவித்ரா மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். லீவு போட்டு முந்தின நாளே வந்திருந்தாள்.

"அப்பா போட்டோவ திருப்பிக் குடுத்தாங்களாமா?"

"விழா முடிஞ்சதும் தரேன்னு சொல்லிச்சு தினகரன்."

"இருக்கறதே ஒண்ணு. செல்லுல ஒரு காப்பி எடுத்துக்கினு குடுத்திருக்கலாம்ல?"

"அதெல்லாம் எனக்கு இன்னாடி தெரியும்? நம்ம புள்ள கேட்டுது, குடுத்தேன்."

"நம்ம புள்ளயாம்! சங்கத்துச் செயலாளரு உனக்கு எப்பமா புள்ளயானாரு?"

"உங்கப்பன் செத்த அன்னிலேர்ந்து."

பவித்ரா சரத்தின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

லட்சுமியின் புருஷன் ரங்கன் வலைக்காரன் இல்லை. ஏரியில் வலை போடும் இடங்களைப் படகுக்காரக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். ரங்கனும் லட்சுமியும் கையால் இறால் தடவுகிறவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறி என்கிற ஓலைக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். பறி கழுத்துக் கயிற்றில் தொங்கும். இரண்டு கையும் வேலையாக இருந்தால் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வீடு ஊருக்கு வெளியே, ஊர்க்கூட்டத்தில் இடம் ஓரத்தில்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறியபோது, மணல்மேட்டில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைத் தோளில் தூக்கிப்போய்ச் சவுக்கு மரத்தில் ஏற்றினான் ரங்கன். அவன் ஏறுவதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிட்டது. பையன் பிழைத்தான். படகுக்காரர் கண்ணப்பனின் ஒரே மகன் தினகரன். கண்ணப்பன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மீஞ்சூரில் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

ஒவ்வொரு வருடமும் தினகரன் இந்தக் கதையை மைக்கில் சொல்வான். 'ஏறுடா நைனா, கீழ பாக்காத' என்று ரங்கன் சொன்ன இடத்தில் அவனுக்குத் தொண்டை கட்டும். பிறகு முதல் சொம்புப் பாலை லட்சுமியின் கையில் கொடுத்து முகத்துவாரத்தில் ஊற்றச் சொல்வான். அந்த ஒரு நாள் அவள் ஊருக்கு நடுவில் நிற்பாள். மிச்ச நாட்களை அதை வைத்தே ஓட்டிவிடுவாள்.

போன வருடம் இதே நாளில் மீன் ஏலக் கூடத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது, "கூடத்துக்கு ரங்கன் சித்தப்பா பேருதான்" என்று எல்லோர் முன்னிலும் சொன்னான். அடுத்த சில மாதங்களில் கண்ணப்பன் மஞ்சள் காமாலையில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். கூடம் எழும்பியது. இந்த வருடம் இதே நாளில் திறப்பு விழா. சென்ற வாரம் தினகரன் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "சின்னம்மா, பேனர் அடிக்கணும். சித்தப்பா போட்டோ குடு" என்றான். பறவை பார்க்க வந்த யாரோ ஒருவர் எடுத்துத் தபாலில் அனுப்பிய படம் அது. ரங்கன் ஏரியில் நின்று, இரண்டு கையிலும் இறாலை ஏந்திக்கொண்டு சிரிப்பான். முந்தானையால் துடைத்து எடுத்துக் கொடுத்தாள்.

விழாப் பந்தலை நெருங்கும்போதே பேனர் தெரிந்தது. நடையை எட்டிப் போட்டாள். கிட்டே போனதும் நின்றுவிட்டாள்.

ஏரி அதே ஏரி. ஏந்திய கைகளும் அவைதான். கெளுத்தி முள் குத்திச் சீழ் பிடித்து, அப்புறம் நிமிராமலே போன இடது சுண்டுவிரல் பேனரிலும் வளைந்தே இருந்தது. முகம் மட்டும் கண்ணப்பனுடையது. கீழே பெரிய எழுத்தில், 'கண்ணப்பன் நினைவு மீன் ஏலக் கூடம்.'

இறாலை அழித்திருந்தார்கள். பறியையும் அழித்திருந்தார்கள். கழுத்தில் கிடந்த பறிக் கயிறு என்னவென்று பிளெக்ஸ் கடைக்காரனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சங்கிலி என்று நினைத்தானோ என்னவோ, விட்டுவிட்டான். படகுக்காரன் எவனும் பறிக் கயிற்றைக் கழுத்தில் மாட்டமாட்டான். அது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எல்லோரும் பேனரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற கிழவர் அந்தோணிசாமியிடம் கேட்டாள். "அண்ணே, இது யாரு கையி?"

அவர் பேனரை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். "கடைக்காரன் எதுனா தப்பாப் பண்ணிருப்பாம்மா. உட்டுடு. நாளும் கிழமையுமா பேஜாரு பண்ணாத."

மேடைக்குப் பின்னால் தினகரன் வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் செல்போனைப் பையில் போட்டான்.

"நைனா, அவரு பேரு எங்க?"

"சின்னம்மா, இப்ப வேணாமே. பெரிய மனுசங்கல்லாம் வந்துகினுருக்காங்க."

"எங்கன்னுதான கேட்டேன்?"

"கை தடவறவங்க பேர வெச்சா நம்மள எவனும் மதிக்கமாட்டான்னு கூட்டத்துல என் மேல ஏறிட்டாங்க. நான் ஒருத்தன் இன்னா பண்ணட்டும்? எங்க நைனா பேருன்னா எல்லாரும் ஒத்துக்கறாங்க. உனக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டேன், பாரு."

"பேரு கெடக்கட்டும்பா. உன்ன மரத்துல ஏத்துனது யாரு?"

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"எனக்கு அப்ப பத்து வயசு சின்னம்மா. அதெல்லாம் எங்க சரியா ஞாபகம் இருக்குது?"

அவள் வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். பவித்ரா ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

தினகரன் மைக் பிடித்தான். அதே கதை. அதே மணல்மேடு, அதே சவுக்கு மரம். "எங்க நைனா என்ன தோள்ல தூக்கிக்கினு ஓடுனாரு" என்றான். அப்படி ஓர் ஆள் சாகாமல் இத்தனை வருடம் இருந்தாரே, அதற்கும் வழி வைத்திருந்தான். தண்ணீர் இழுத்துப்போய்த் தாழைப் புதரில் ஒதுக்கிவிட்டதாம். "'ஏறுடா நைனா, கீழ பாக்காத'ன்னு சொன்னாரு" என்றவனுக்கு, அதே இடத்தில் தொண்டை கட்டியது. வந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

முதல் சொம்பு அவன் அம்மா கோமளாவின் கைக்குப் போனது. சுனாமி வடிந்த அன்று லட்சுமியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவள் கோமளா. இப்போது சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடந்துபோகும்போது, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"வா லட்சுமி. ரெண்டாவது சொம்பு உனக்குத்தான்."

லட்சுமி எழுந்தாள். சாமந்திச் சரத்தை மகள் மடியில் போட்டாள். வீட்டுக்குப் போய், கூரையில் சொருகியிருந்த பறியை எடுத்துக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பந்தலுக்கு நேர் எதிரே கரையில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு வந்தது.

பந்தலில் பாட்டு நின்றது. நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. முதலில் ஓடி வந்தவர் அந்தோணிசாமி.

"ஏ லட்சுமி! பைத்தியமா உனக்கு? ஏறு மேல! இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியாது?"

"தெரியாதுண்ணே. இன்னா நாளு?"

"வெளயாடறியா? சுனாமி நாளு! உன் வூட்டுக்காரன் செத்த நாளு!"

"எப்படிண்ணே செத்தாரு?"

கிழவர் வாய் திறந்தார். திறந்தபடியே திரும்பி மேடையைப் பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்துக் கரையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். பவித்ரா மட்டும் சரத்தோடு தண்ணீர் ஓரத்துக்கு வந்து, அம்மாவைப் பார்த்தபடி நின்றாள்.

"அவருதான் யாரையும் காப்பாத்தலயாமே. அப்படின்னா அந்த நேரத்துல எங்கூட மேட்டுக்குத்தான் ஓடியிருப்பாரு. செத்திருக்கமாட்டாரு" என்றாள் லட்சுமி. சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத குரல், ஆனால் தண்ணீர் மேல் நன்றாகவே கேட்டது. "புருஷன் சாகாதவளுக்கு இந்த நாளு இன்னாத்துக்கு? நான் கட்ட மீறிட்டேன். செயலாளரு என்ன ஊர் முன்னாடி நிக்க வெச்சிக் கேக்கட்டும். இவ்ளோ ஊரு கூடிகினுருக்குதே, இப்பவே கேக்கட்டும்."

தினகரன் மேடையிலேயே நின்றான். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

லட்சுமி பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணீரில் குந்தி, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டாள்.