மறுபடி கேட்கட்டும்

பேசுவது அக்காவா, அக்காவின் மூச்சுத்திணறலா?

தங்கையின் கையிலிருந்த ஈரத்துணி அக்காவின் உதட்டருகே நின்றுவிட்டது. "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி" என்று அக்கா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

"நீதானே வேண்டாம்னு சொன்ன?"

"அது அப்போ."

அக்கா கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். நோய் இன்னதென்று தெரிந்த வாரத்தில் தங்கையையும் அத்தானையும் உட்காரவைத்துச் சொன்னாள்: "நான் அழுது கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதீங்க. அன்னைக்குப் பேசறது நான் இல்ல, என் பயம். நேரத்துக்கு நேரம் மாறினா அதுக்குப் பேரு விருப்பமே இல்ல."

"பொறந்ததுலேர்ந்து நீ சொன்னதைக் கேட்டாச்சு. கேக்காம இருக்கறதுக்கும் நீயேதான் பாடம் எடுக்கணுமா?" என்றாள் தங்கை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

இப்போது அவர் ஜன்னலருகே நின்று, வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார்.

தங்கைக்குத் தையல் வேலை. துணியில் கோடு போட்டவுடன் வெட்டமாட்டாள். கொடியில் தொங்கவிட்டு, மறுநாளும் அந்தக் கோடு சரியென்று பட்டால்தான் கத்தரியை எடுப்பாள். அந்தப் பழக்கம்தான் அவள் கையைப் பிடித்தது. மறுபடி கேட்கட்டும், உடனே வண்டியைக் கூப்பிடலாம் என்று கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா மறுபடி கேட்கவில்லை. அவள் கண்கள் சற்று நேரம் தங்கையின் மடியையே பார்த்திருந்தன. பிறகு மூடிக்கொண்டன. மதியம் சாய்வதற்குள் மூச்சு நின்றது.

மாலையில் அத்தான் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அவகிட்டப் படிச்சவங்கல்லாம் வந்திருக்காங்க. கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க. எனக்கு வாய் வரல. கடைசிவரைக்கும் சொன்ன சொல்லு மாறலன்னு நீ சொல்லிடும்மா."

"ஒரு தடவை கேட்டாளே அத்தான்."

"திரும்பக் கேக்கலையே. அவ மறுபடி மனசை மாத்திக்கிட்டா, அவ்வளவுதான். அப்படி நினைச்சாதான் உனக்கும் நல்லது."

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் அக்கா தன் பழைய முடிவுக்கே திரும்பியிருக்கலாம். இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லாமலும் போயிருக்கலாம். எதுவானாலும் வெளியே தெரிந்தது ஒரே மௌனம்தான்.

தங்கை அக்காவின் தலையணை உறையை உருவினாள். அதில் முடி இரண்டு ஒட்டியிருந்தது.

"நான் சொல்லமாட்டேன் அத்தான்" என்றாள், குரலை உயர்த்தாமல்.

அவர் நகராமல் நின்றார். அவள் அடுத்த தலையணையை எடுத்தாள்.