பார்க்காத ஒன்பது இடங்கள்

ஊர் சுற்றிப் பார்க்கிற பாஸ் வாங்கி, போட்ட முதலைத் திரும்ப எடுத்த மனிதன் இந்த பூமியில் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் அவனுக்குக் குறைந்தது மூன்று கால்களாவது இருந்தாக வேண்டும்.

விடுதியின் சாப்பாட்டு அறையில், ரொட்டியின் நான்கு மூலைக்கும் வெண்ணெய் சமமாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்துக்கொண்டே கத்தரி இதை அறிவித்தார். சிரிக்காமல் அறிவித்தார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று தன் தட்டுக்கே திரும்பிக்கொண்டார்.

கத்தரி என்பது அலுவலகம் வைத்த பெயர். ஒரு மருந்துக் கம்பெனியில் பயணப்படி பிரிவில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். விற்பனைப் பிரதிநிதிகள் ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கொண்டுவந்து நீட்டும் பில்களில் எதைக் கொடுக்கலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்வது அவர் வேலை. முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் நடமாடுவது அவருக்குத் தெரியும். அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் பட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டுகிறார்கள்; தனக்கு இலவசமாக வந்தது என்பதில் ஒரு சின்னத் திருப்தியும் உண்டு.

"சகல, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார் எதிரே இருந்த சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ரயிலை விட்டு இறங்கின கையோடு தனக்கும் தன் மனைவிக்கும் இரண்டு பாஸ் வாங்கி, ஆஸ்பத்திரி ஊழியர்போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர்.

"கணக்கு சொல்றேன், கேட்டுக்கோங்க. மூணு நாள் பாஸ் தொண்ணூறு. அதக் காட்டி உள்ள போக மொத்தம் பதினாலு இடம். ஒரு இடத்துக்குச் சராசரி டிக்கெட் பதினாலு. ஏழு இடம் பாத்தாத்தான் முதலே தேறும். மனுஷனா பொறந்தவன் எவன் ஏழு இடம் பாப்பான்?"

"நாங்க பாப்போம் மாமா," என்றாள் மச்சினி, வாயில் ரொட்டியோடு.

"அதுக்குப் பேரு பாக்கறதில்லம்மா. தபால்காரர் வேலை."

கத்தரியின் மனைவி எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை மைக்ரோஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்து, ஒரு பொட்டளவு கண்ணாடிக்குள்ளேயே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர்கள் இருவரும் போன ஊர்கள் எல்லாம் யாருக்காவது முகூர்த்தம் இருந்த ஊர்கள், இல்லையென்றால் யாராவது படுக்கையில் இருந்த ஊர்கள். சும்மா பார்ப்பதற்கென்று வந்த முதல் ஊர் இதுதான். நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தாள். பதினான்கு இடங்களும் அச்சடித்திருந்த காகிதத்தை ரயிலில் மூன்று முறை பிரித்து மூன்று முறை மடித்தாள். கத்தரி அதைக் கவனித்தார். காகிதம் மடிப்பில் கிழியப் போகிறது என்று சொல்லவும் சொன்னார்.

"நாம தேவைக்குத் தகுந்த மாதிரி வாசல்லயே டிக்கெட் எடுத்துக்குவோம். உனக்கு எது பிடிக்குதோ சொல்லு, போலாம். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் மனைவியிடம்.

உண்மையில் அவர் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கதையில் அவருக்குச் சாதகமாக இருக்கும் ஒரே சாட்சியம் இது. பதிவு செய்துவிடுவது நல்லது.

அலுவலகத்தில் செய்கிற மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்தார். இடம், கட்டணம், போனோமா இல்லையா, இல்லையென்றால் காரணம். பாஸ் வாங்காதது சரியென்று மூன்றாம் நாள் சகலையின் மூக்கை உடைக்க இந்த நோட்டு போதும்.

முதல் நாள் முதலில் அரண்மனை. அங்கே மனைவி தயங்காமல், "போலாங்க," என்றாள். ஆளுக்குப் பதினைந்து. நாற்பத்தொரு அறைகள். கத்தரி வாசலிலேயே ஓர் அறைக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பார்த்துவிட்டு, ஓர் அறையையும் விடவில்லை. எந்த ராஜா எந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்பதுவரை பலகை பலகையாக வாசித்தார். பத்தாவது அறையில் மனைவி வெளியே போகும் வழி எது என்று பார்த்தாள். "இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு," என்றார். வெளியே வந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. போட்ட காசுக்குச் சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்து எடுத்த நிறைவு அவருக்கு.

அடுத்து கோபுரம். வாசலில் கட்டணப் பலகை இருந்தது. மேலே போகப் பதினெட்டு. மனைவி பலகையைப் பார்த்தாள். பிறகு கத்தரியைப் பார்த்தாள். கத்தரி தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துப் புருவத்தைச் சுருக்கினார். மனதுக்குள் பெருக்கும்போது அவர் முகம் அப்படித்தான் போகும்.

"வேண்டாங்க. கீழ இருந்தே நல்லாத் தெரியுது," என்றாள்.

"உன் இஷ்டம்," என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

மீன் காட்சிசாலை. பலகை, முகம், "கூட்டமா இருக்கு." பழைய சிறைச்சாலை. பலகை, முகம், "கால் வலிக்குது." படகுத்துறை. பலகை, முகம், "காத்து ஜாஸ்தியா இருக்கு." மறுநாள் இன்னும் ஐந்து வாசல். இரண்டாம் நாள் மாலைக்குள் ஊரின் வாசல்களை எல்லாம் அவர்கள் மிக நன்றாகப் பார்த்துவிட்டார்கள். எந்த ஊரிலும் வாசல் பார்க்கக் கட்டணம் கிடையாது.

விடுதிக் கூடத்தில் நான்கு பேரும் சேர்ந்தார்கள். சகலை செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன?" என்றார் கத்தரி.

"ஒன்பது!"

"ஒன்பதும் பாத்தீங்களா, ஒன்பதுக்குள்ளயும் நொழஞ்சீங்களா?"

மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். "கடிகார மியூசியத்துக்கு இவரு எதுக்குப் போனாருன்னு கேளு அக்கா. பாத்ரூம் போறதுக்கு!"

"அவசரம். பாஸ் இருந்துச்சு. போனேன்," என்றார் சகலை, கூச்சமே இல்லாமல். "அப்புறம் அந்த பொம்மை மாளிகை. சகிக்கல. எல்லா பொம்மையும் எங்க கடைக்கு கடன் கேட்டு வர்ற மேஸ்திரி மாதிரியே மொறைக்குது. நாலே நிமிஷம், வெளிய வந்துட்டோம்."

"நாலு நிமிஷமா?" கத்தரி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "டிக்கெட் பன்னெண்டுய்யா அது! நிமிஷத்துக்கு மூணு! உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் பாஸ் விக்கிறவன் மாடி மேல மாடி கட்டுறான்."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பிடிக்கலன்னா பாதியில வந்துடலாமா?" என்று தங்கையிடம் கேட்டாள். உள்ளே ஏதோ சட்டம் இருக்கிறது என்று நம்பி வந்தவள் கேட்பதுபோல இருந்தது.

"யாரு கேக்கப் போறா? அடுத்த கதவுக்குப் போயிட வேண்டியதுதான்."

மனைவி தலையாட்டினாள். பிறகு சகலையின் போனை வாங்கி, கோபுரத்தின் உச்சியிலிருந்து எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். கூடத்தில் கத்தரியின் குரல் மட்டும் ஓங்கி ஒலித்தது.

"இப்ப என் கணக்கு. ரெண்டு பாஸ் வாங்கியிருந்தா நூத்தி எம்பது. எங்களுக்கு ஆனது முப்பது. நூத்தம்பது மிச்சம். இதுல யாரையும் நான் தடுக்கல. எல்லாம் அவளே வேண்டாம்னது. ஆதாரம் இருக்கு," என்று நோட்டை விரித்தார்.

"வாசிங்க சகல, கேப்போம்."

வாசித்தார். "கோபுரம்: கீழிருந்தே தெரிகிறது. மீன்: கூட்டம். சிறை: கால்வலி. படகு: காற்று. ஓவியக்கூடம்: கண் கூசுகிறது. பொம்மை மாளிகை: அப்புறம் பார்க்கலாம். கண்ணாடித் தோட்டம்: பசி. ரயில் அருங்காட்சியகம்..."

அங்கே குரல் கொஞ்சம் இறங்கியது. மீதி இரண்டையும் மனதுக்குள்ளேயே வாசித்தார். ரயில் அருங்காட்சியகம்: ரயிலில்தானே வந்தோம். கடிகார அருங்காட்சியகம்: நேரமாகிவிட்டது.

இருபத்திரண்டு வருடத் தொழில் பழக்கம் யாரைக் கேட்டு வேலை செய்கிறது? ஒன்பது வரி. ஒன்பது காரணம். ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவரே சொல்லித்தருகிற முதல் பாடம் அது: நிஜமான ஆள் ஒரே காரணத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப எழுதுவான்; ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக ஒரு காரணம் வந்தால், உண்மையான காரணம் ஒன்றேதான், அதை எழுத முடியாமல்தான் இத்தனையும் எழுதுகிறான். இப்படி ஒரு நோட்டு அவர் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

இன்னொன்றும், வேண்டாத நேரத்தில், நினைவுக்கு வந்தது. போன வருடம் டாக்சி பில்கள் பாதியாகக் குறைந்தன. தன் கண்டிப்பால் வந்த சிக்கனம் என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்துப் பாராட்டும் வாங்கினார். வேலையை விட்டுப் போன ஒரு பிரதிநிதி கடைசி நாளில் கை கொடுத்துவிட்டுச் சொன்னார்: "டாக்சியில போறத நாங்க நிறுத்தல சார். உங்க கிட்ட வந்து நிக்கறதத்தான் நிறுத்திட்டோம். கைக்காசு போனா போகுது, உங்க மூஞ்சிய பாத்துட்டு நிக்க முடியாது." கத்தரி அதை அன்றைக்கு நகைச்சுவை என்று வகைப்படுத்தியிருந்தார்.

"என்ன சகல, நின்னுபோச்சு?"

"எழுத்து சரியாத் தெரியல," என்று நோட்டை மூடினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு ரயில். சகலை தம்பதி விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். கத்தரியும் மனைவியும் மறுபடி கோபுரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் கத்தரி கொஞ்சம் பயிற்சி எடுத்திருந்தார். தலையைச் சாய்க்கக் கூடாது. புருவம் அசையக் கூடாது. உதட்டோரம் லேசாக மேலே போக வேண்டும்.

மனைவி பலகையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கத்தரி தாராளத்தை வரவழைத்தார்.

"என்னங்க, வயித்த வலிக்குதா?" என்றாள் பதறிப்போய்.

"ஒண்ணும் இல்ல. வா, மேல போலாம்."

"வேண்டாங்க."

"காரணம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல, சும்மா கேட்டேன். நேத்து போன்ல அவ்வளவு நேரம் பாத்தியே."

மனைவி கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள். "பதினெட்டு, பதினெட்டு, முப்பத்தாறு. மேல போய் எனக்குத் தலை சுத்திடுச்சுன்னு வெச்சுக்கோங்க. உடனே இறங்கணும்னு தோணுச்சுன்னா? நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும். ஆனா முப்பத்தாறுன்னு நெனச்சுக்கிட்டே கூட இறங்குவீங்க. ஒவ்வொரு படியிலயும் எனக்கு அது கேக்கும்." பிறகு, தான் நிறையப் பேசிவிட்டதுபோல, "வெளியில உக்காந்துக்கிட்டாலே நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பத்தாவது காரணம். இதுவும் முன்பு வராதது. ஆனால் இதில் வட்டம் போட ஒன்றும் இல்லை.

"இரு. தண்ணி வாங்கிட்டு வரேன்," என்று அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினார்.

தண்ணீர்க் கடை வலப்பக்கம். கத்தரி இடப்பக்கம் நடந்தார். சகலை எங்காவது தென்படுகிறாரா என்று இரண்டு தரம் சுற்றிலும் பார்த்துக்கொண்டு, பாஸ் விற்கும் ஜன்னலில் குனிந்தார்.

"ரெண்டு," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

உள்ளே இருந்த பெண் நல்லவள். "ஒரு நாள் பாஸ்தான் சார் இருக்கு, ஆளுக்கு நாப்பது. ஆனா அஞ்சு மணிக்கு எல்லா இடமும் மூடிடுவோம். எத்தன இடம் பாப்பீங்க?"

"தெரியாது."

கேட்கிற எவருக்கும் அது சாதாரணச் சொல். கத்தரியின் வாயிலிருந்து அது வந்தது அவருக்கே புதிதாக இருந்தது.

"மூணு இடமாவது பாத்தாத்தான் சார் கட்டும். இல்லேன்னா தனித்தனியா டிக்கெட் எடுத்துக்கோங்களேன். உங்களுக்குத்தான் மிச்சம்."

"அது தெரியும்மா," என்றார் கத்தரி. "தனித்தனியா எடுத்தா உள்ள வர மாட்டேங்கறாங்க."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டு அட்டைகளை நீட்டினாள்.

மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி?"

"கடை மூடியிருக்கு."

கடை எதிரே திறந்திருந்தது. அவள் கடையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கழுத்தில் மாட்டிக்கொண்டாள். படியேறி உச்சிக்குப் போனார்கள். அவள் சொன்னபடியே தலை சுற்றியது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். கத்தரிக்குள்ளும் ஏதோ எண் ஒன்று எழும்பப் பார்த்தது. எண்பது கொடுத்தாயிற்று, அதை எதனால் வகுப்பது என்று தெரியாமல் அது தானாகவே உட்கார்ந்துகொண்டது. மீன் காட்சிசாலையில் ஒரே ஒரு தொட்டியின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றாள். ஊசி முனையளவு குஞ்சுகள். அவளுக்கு அந்த அளவு பழக்கம்தான். கத்தரி பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிறைச்சாலை. முதல் அறையை எட்டிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"நல்லாவே இல்ல!" என்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு பொருளைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகக் குறை சொல்லி அவர் கேட்டதில்லை.

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த வழியே விறுவிறுவென்று வெளியேறி, தெருவைக் கடந்து, எதிரே இருந்த அடுத்த கட்டடத்தின் வாசலுக்குப் போய்விட்டாள். அது என்ன இடம் என்றுகூடக் கத்தரிக்குத் தெரியவில்லை. அங்கே வாசலில் ஒரு கட்டணப் பலகை இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். அவரும் தாண்டி, அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.